வாசல் சொன்ன பெயர்

கேரவனின் கதவைத் திறந்தால் படி. படி முடிந்தால் மணல். மணல் முடிந்தால் பவானி.

மத்திமரத் துறை என்ற அந்த முகாமில் அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. வண்டி நிறுத்த நான்கு சிமென்ட் மேடைகள், மேடைக்கு ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், வயதான நீர்மத்தி மரங்கள், அப்புறம் ஆறு. சத்தியமங்கலத்துக் காட்டுக்குள் கடைசி ஊரையும் தாண்டி, வண்டி தன்னைத் தானே ஓட்டிக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து ஊர்ந்து வந்து சேர்ந்தபோது மற்ற மூன்று மேடைகளும் காலியாகக் கிடந்தன. நிரஞ்சனுக்கு நிம்மதி. அக்கா கேட்டது அதைத்தானே. "ஆளே இருக்கக் கூடாது நிரு. ஆறு மட்டும் இருக்கோணும்."

முகாமைப் பார்த்துக்கொள்ளும் ருக்குமணி ஸ்கூட்டரை மரத்தடியில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"வண்டியில வாசல் இருக்குதுங்களா?"

"இருக்குங்க." கதவருகே இருந்துகொண்டு, வருகிறவரைப் பெயர் சொல்லி அழைத்து உபசரிக்கும் பேசும் கருவி அது.

"அணைச்சுப் போட்றாதீங்க. யானை எறங்குனா எங்க கேமரா அதுக்குத்தான் சேதி சொல்லும். போன தடவ ஒரு குடும்பம், அது தொணதொணங்குதுன்னு வாயை அடைச்சு வெச்சுட்டாங்க. யானை வந்து வண்டியத் தடவிப் பாத்துட்டுப் போயிருக்குது. இவிங்க உள்ள சீட்டாடிட்டு இருந்திருக்காங்க."

"தடவிப் பாத்துட்டுத்தானே போச்சு?" என்றாள் தாரணி, நிரஞ்சனின் மனைவி.

"பக்கத்துக் கண்ணாடிய ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போயிருச்சுங்க."

ருக்குமணி போனதும் தாரணி மடக்கு நாற்காலிகளை இறக்கினாள். "ஏங்க, இது வாடகை வண்டி. இதுல இருக்கற வாசலுக்கு நம்மள எப்படித் தெரியும்?"

"எடுக்கறப்பவே ரெண்டு வீட்டு வாசலையும் இதுல சேத்துட்டேன். நம்ம வீடு, அக்கா வீடு. உனக்கு டீ எப்படி, மாமாவுக்குச் சர்க்கரை ஆகாது, எல்லாம் அதுக்கே தெரியும். வீட்ல ஆள் வந்தா அணைச்சுருவோம், அக்காவும் அப்படித்தான்; இங்க யார் வந்தாலும் நம்ம வீட்ல கூப்பிடற மாதிரியே கூப்பிடும். விளம்பரத்துல சொல்றாங்கல்ல, உங்கள் வீட்டு வாயால் வரவேற்கும்னு."

தாரணி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"நம்ம வீட்ல கூப்பிடற மாதிரியேவா?"

அவன் தண்ணீர்க் குழாயை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். ஆற்றுச் சத்தத்தில் அந்தக் கேள்வி அவன் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

சென்னியப்பன் மாமாவும் மேகலா அக்காவும் சாயங்காலம் வந்தார்கள். கோபியிலிருந்து காரை மாமாவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தானாக ஓடும் கார்கள் அவருக்கு ஆகாது. எங்கே போக வேண்டும் என்று அவை வாய்விட்டுக் கேட்கும்.

மாமாவுக்குத் திக்குவாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே. பேசத் தேவையில்லாத வேலையாகத் தேடி, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். கடையில் விரலால் காட்டி வாங்குவார். கல்யாண வீடுகளில் நுழைந்த கையோடு வெற்றிலை போட்டுக்கொள்வார். வாய் நிறைய வெற்றிலை இருக்கும் ஆளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா.

ஆனால் வீட்டுக்குள் பேசுவார். மேகலாவிடம் பேசுவார். பத்து வயதில் தாய் தகப்பனை ஒரே விபத்தில் இழந்துவிட்டு, புதிதாகக் கல்யாணமான அக்காவின் வீட்டு முன்னால் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றானே நிரஞ்சன், அவனிடம் பேசினார். அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, வாய்க்காலில் நீச்சல் பழக்கியது, கல்லூரியில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவர்தான்.

அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கலாம் என்று நிரஞ்சன் சொன்னபோது மாமா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர் கேட்டது இந்த ஆற்றங்கரை. நான்கே பேர். அங்கே கொஞ்சம் பேச வேண்டும் என்று மேகலாவிடம் சொல்லியிருந்தார். அதைப் போனில் சொல்லும்போது அக்காவின் குரல் சரியாகவே இல்லை. "ஒரு மாசமாடா. குளிக்கப் போனாருன்னா குழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள பேசிப் பேசிப் பாக்கறாரு. என்ன பேசப் போறீங்கன்னா எனக்கே சொல்ல மாட்டீங்கறாரு."

இப்போது அவர் ஒரு சீப்பு கதலிப் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, மணலில் நடந்து வந்து கேரவனின் படியில் கால் வைத்தார்.

"வாங்க, ரி... ரி... ரிப்பீட்டு மாமா," என்றது வாசல். இனிமையான, பணிவான குரல். "பிரயாணம் நல்லா இருந்துச்சுங்களா? சர்க்கரை போடாம காபி வெக்கட்டுங்களா?"

மாமாவின் ஒரு கால் படியிலும் ஒரு கால் மணலிலும் இருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலிருந்தது.

பின்னால் பையோடு வந்த மேகலா, "என்ன சொல்லுச்சு?" என்றாள்.

"ரி... ரி... ரிப்பீட்டு மாமாவுக்குக் காபி வெக்கட்டுங்களான்னு கேட்டேன் அத்தை," என்றது வாசல். நிரஞ்சன் வீட்டில் மகள் அழைக்கும் முறையைத்தான் அது பிடித்துக்கொண்டிருந்தது. அவள் பரீட்சைக்காக விடுதியிலேயே தங்கிவிட்டாள்.

தாரணி குனிந்து, ஏற்கெனவே விரித்திருந்த பாயை மறுபடி விரித்தாள். நிரஞ்சனின் வாய் அவன் அனுமதியைக் கேட்காமல் வேலை செய்தது. வாயால் பிழைக்கிறவன். விற்பனைப் பிரிவில் அவன் பேச்சுக்காகவே மீட்டிங் வைப்பார்கள்.

"வாடகை வண்டிதானேக்கா. இதுக்கு முன்னாடி எடுத்தவங்க யாரோ அவங்க ஆளுக்கு வெச்ச பேரா இருக்கும். கலந்து போச்சு."

"அதெப்படிக் கலக்கும்? வண்டியத் திருப்பிக் குடுத்ததும் அழிஞ்சு போயிரும்னுதான சொல்வாங்க."

"மிஷின்தானேக்கா."

மேகலா பையைக் கீழே வைத்தாள். "எதுக்கு மண்டையக் குழப்பிக்கோணும்? கேட்டாப் போச்சு. ஏனுங்க, யார் சொன்னதுன்னு கேளுங்க. உங்களத்தான சொல்லுச்சு, நீங்க கேட்டாச் சொல்லியே ஆகோணும்."

அது சட்டம். வாசல் வந்த புதிதில் எத்தனையோ வீடுகளில் சம்பந்திகள் கை கலந்து, வழக்கு மேல் வழக்காகி, கடைசியில் கொண்டுவந்த சட்டம். பெயர் சொல்லப்பட்டவர் 'இதை யார் சொன்னது' என்று கேட்டால் வாசல் ஆளைச் சொல்ல வேண்டும். மழுப்பக் கூடாது. மற்றவர்கள் கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது.

மூன்று பேரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா பழச்சீப்பைப் படியில் வைத்தார். போகட்டும் விடு என்பது போலக் கையை லேசாக அசைத்தார். திரும்பி ஆற்றை நோக்கி நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அந்தப் பெயர் எப்போது வந்தது என்று நிரஞ்சன் யோசித்துப் பார்த்தான். மகளின் பிறந்தநாள் விழா ஒன்றில், மாமா ஐஸ்கிரீம் கேட்டதை நடித்துக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா அப்போது அங்கே இல்லை. அது போதுமே. மறுநாள் தாரணி, "உங்க மாமா போன் பண்ணாரு," என்றதற்கு, "யாரு, ரி... ரி... ரிப்பீட்டா?" என்றான். அவள் சிரித்தாள். குழந்தை சிரித்தது. நாளடைவில் அது கேலி என்பதே மறந்து, பருப்பு டப்பா, சாவிக்கொத்து மாதிரி வீட்டில் புழங்கும் பொருளாகிவிட்டது. அவரிடம் அவனுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அதுதான் இப்போது உறுத்தியது. கோபத்தில் சொல்லியிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

அக்கா வெளியடுப்பில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எதுக்கு ஆறு கேட்டாருன்னு தெரியுமாடா உனக்கு?" என்றாள் அக்கா.

"காத்தாட இருக்கலாம்னு..."

"காத்து என்ற வீட்டு மொட்டை மாடியில இல்லையா? தண்ணிச் சத்தம்டா. சத்தத்துல அவரு பேசறது அவரு காதுக்கே கேக்காது. கேக்கலைன்னா திக்காது. டாக்டர்கூடச் சொன்னாங்க, சில பேருக்கு அப்படியாம். நீ சின்னப் பையனா இருந்தப்ப உன்ன வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போவாரே, மதகுகிட்ட."

நிரஞ்சனுக்கு ஞாபகம் வந்தது. மதகில் தண்ணீர் கொட்டும் இடத்தில் கழுத்தளவு நின்றுகொண்டு மாமா தங்குதடையில்லாமல் பேசுவார். நட்சத்திரம், ரயில் என்ஜின், கிட்டிப்புள் என்று வாய் ஓயாது. வீடு திரும்பியதும் பழையபடி ஆகிவிடுவார். அதை அவன் நீச்சலின் சந்தோஷம் என்றே நினைத்திருந்தான்.

"இன்னிக்கு விளக்கு வெச்சதும் பேசறேன்னாரு," என்றாள் அக்கா. "இப்பப் பாரு. கரண்டி வேணுமான்னாக்கூடத் தலைதான் ஆடுது. அந்த மிஷின ஆத்துல தூக்கி வீசுனாத் தேவலை." அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, சிக்னல் இல்லாததை மறந்துபோனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். "சின்னவன் கூப்பிடறேன்னான். அப்பா பேசறத அவனும் கேக்கோணும்னு ஆசப்பட்டான்."

சின்னவன் என்பது அவர்களுடைய ஒரே மகன். பெர்த் நகரத்தில் இருக்கிறான். 'ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு அதென்ன சின்னவன்' என்று நிரஞ்சன் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறான். அக்கா ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுவாள்.

சாப்பாட்டுக்கு மாமா வண்டிக்குள் வரவில்லை. வண்டியைச் சுற்றி நடக்கும்போதுகூட வாசலின் கண் எட்டாத பக்கமாகவே சுற்றினார். ஒரே ஒரு தடவை, கை கழுவிவிட்டு மறதியாகக் கதவுப் பக்கம் வந்துவிட்டார். "ரி... ரி... ரிப்பீட்டு மாமா, துண்டு எடுத்து வெச்சிருக்கேனுங்க," என்றது அது. அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதை அணைக்க முடியாது. ருக்குமணி சொன்ன யானை எங்கேயோ இருந்தது.

தாரணி அவனை மத்தி மரத்துக்குப் பின்னால் கூப்பிட்டாள். வாசலுக்குக் கேட்காத தூரம்.

"போய்ச் சொல்லிருங்க."

"அவர் கேக்க மாட்டாரு தாரணி. அவரை எனக்குத் தெரியும். ரெண்டு நாள்ல எல்லாம் சரியாயிரும்."

"கேக்க மாட்டாருங்கறதுதாங்க அசிங்கமா இருக்கு."

"நீயும்தானே சிரிச்ச?"

"சிரிச்சேன். இல்லைன்னு சொல்லலையே." அவள் குரல் தழைந்தது. "ஆனா என்னை அவரு நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போகல."

படுக்கும் நேரம் வந்தது. வண்டிக்குள் பெரிய மெத்தையை மாமாவுக்கென்று விரித்து வைத்திருந்தார்கள். அவர் காரின் முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அறுபது வயது நிறைவதைக் கொண்டாட எடுத்த வண்டி, அவரைத் தவிர எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நின்றது.

விடிந்ததும் நிரஞ்சன் எழுந்து பார்த்தான். கார் காலி. மாமா தூரத்தில், ஆறு பாறைகளில் மோதி இரையும் இடத்தில், ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். தாரணியும் அக்காவும் அடுப்படியில் தோசைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் வண்டிக்குள் இருந்தபடி கதவைச் சாத்தினான்.

"வாசல், மாமா பேரை மாத்தணும்."

"எந்த மாமாங்க?"

"சென்னியப்பன்."

"அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாதுங்களே. உங்க வீட்ல யாரும் சொன்னதில்லை. அத்தை வீட்லயும் சொன்னதில்லை."

அக்கா வீட்டில் எப்படிச் சொல்வார்கள்? அக்காவுக்கு அவர் 'ஏனுங்க'. மகனுக்கு அப்பா. தன் வீட்டில் சொல்லாததற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது என்பது அவனுக்கு உறைத்தது.

"அத்தையோட வீட்டுக்காரர்," என்றான்.

"ரி... ரி... ரிப்பீட்டு மாமாவைச் சொல்றீங்களா?"

"எதுக்கு அப்படி இழுக்கற?"

"அந்தப் பேரை உங்க வீட்ல அப்படித்தானுங்க சொல்றீங்க. வேற மாதிரி நான் கேட்டதே இல்லை." வாசலின் குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. "பாசத்துல வெச்ச பேருன்னு நெனச்சேனுங்க. அதைச் சொல்றப்பல்லாம் எல்லாரும் சந்தோசமா இருந்தீங்க."

நிரஞ்சன் மெத்தையில் உட்கார்ந்தான். யாரும் விரிப்பைக் கலைக்காத மெத்தை.

"அக்கா வீட்ல அவரைக் கூப்பிடற மாதிரி கூப்பிடலாமில்ல?"

"வண்டி உங்க பேர்ல இருக்குதுங்க. இங்க வீட்டுக்காரர் நீங்க. விருந்தாளிய வீட்டுக்காரர் வாயாலதான் கூப்பிடோணும். பேரை மாத்தோணும்னா அந்த மாமாவே வந்து சொல்லோணும்."

"நான் சொன்னா?"

"உங்க வீட்டு வாயையே இதுலருந்து எடுத்துக்கலாம். அப்பறம் அத்தை வீட்டு வாயால பேசுவேன். ஆனா எதுக்கு எடுக்கறீங்கன்னு காரணம் சொல்லோணும். அது சம்பந்தப்பட்டவருக்குப் போயிரும்."

ஆக, எந்தப் பக்கம் சுற்றினாலும் வழி அந்தப் பாறைக்குத்தான் போனது.

பாறைகளுக்கு நடுவே ஆறு வெள்ளையாக நுரைத்து இறங்கியது. காதை அடைக்கும் இரைச்சல். மாமா கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார். நிரஞ்சன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். எப்படியெல்லாம் ஆரம்பிக்கலாம் என்று வரும் வழியில் யோசித்த சாமர்த்தியமான வாக்கியங்கள் எல்லாம் இரைச்சலில் கரைந்தன.

"மாமா, அந்தப் பேரைச் சொன்னது நான்தானுங்க."

மாமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, தலையைச் சாய்த்தார்.

"அந்தப் பேரு. வாசல் சொன்னது. நான் சொன்னதுதான் மாமா."

மாமா இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

ஒரு தடவை சொல்வதற்குத்தான் நிரஞ்சன் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். மூன்றாவது தடவைக்கு இருப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினான். தொண்டை பாதியில் நின்றது.

"நா... நா... நான்தான் மாமா."

மாமா கையை இறக்கினார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, ஒரு எழுத்தும் இடறாமல் சொன்னார்.

"மொதத் தடவையே கேட்டுச்சு."

நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"நேத்தே தெரியும்," என்றார். "முன்னாடி வண்டி எடுத்தவனுக்கு நான் திக்கறது எப்படிடா தெரியும்? பொய்யச் சொல்றவன் கொஞ்சம் யோசிச்சுச் சொல்ல வேண்டாமா?"

"மாமா..."

"அப்பறம் இன்னொண்ணு. எனக்கு ரி-யில திக்காது. எந்தக் காலத்துலயும் திக்குனதில்லை. உதடு ஒட்டற எழுத்துலதான் நிக்கும். மா, பா, பெ. இங்க தண்ணிகிட்டத்தான் மாப்ளைங்கறது ஒழுங்கா வரும். இத்தன வருசமா என்ற வாயைப் பாத்துட்டு இருந்தவன், நடிக்கறதக்கூடச் சரியா நடிக்கல."

நிரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான். அடித்திருந்தால் தேவலை.

"யார் சொன்னதுன்னு கேட்டிருக்கலாமேங்க மாமா. கேட்டிருந்தா நேத்தே..."

"மேகலா பக்கத்துல நின்னாளே. அது பேரைச் சொல்லியிருந்தா அப்பறம் உன்ற அக்கா உன் மூஞ்சில முழிப்பாளா?" மாமா காலால் தண்ணீரைத் தட்டினார். "ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க. வாத்தியார் சிரிப்பாரு. ஆபீஸ்ல ப்யூன் சிரிப்பான். நீ வந்த அன்னிக்கு உன்ற பேரு என்னன்னு கேக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆச்சு. நீ நின்னுட்டே இருந்த. வாயவே பாத்துட்டு. நான் கேட்டு முடிச்ச பொறகுதான் பேரைச் சொன்ன. அதுலருந்துதான் உன்கிட்டப் பேச ஆரம்பிச்சேன்."

"ஒரு மாசமா ஏதோ பேசறதுக்குத் தயார் பண்ணீங்கன்னு அக்கா சொன்னா."

"பண்ணினேன்."

"இப்பச் சொல்லுங்க மாமா. நான் கேக்கறேன்."

மாமா எழுந்து வேட்டியை உதறினார். கோபமாகச் சொல்லவில்லை. வரைபடத்தில் தப்பான கோட்டைச் சுட்டிக் காட்டுவது போலச் சொன்னார்.

"அது நான் நெனச்சிட்டிருந்த வேற ஒருத்தனுக்குத் தயார் பண்ணது."

நான்கு அடி நடந்தவர், இரைச்சல் எல்லைக்குள்ளேயே நின்று திரும்பினார். "போயி உன்ற வீட்டை அதுலருந்து எடு. நான் இன்னும் காபி குடிக்கல."

வண்டியின் படிக்கு முன்னால் நின்று, "வாசல், எங்க வீட்டை எடுத்துரு," என்றான் நிரஞ்சன்.

"காரணம் சொல்லுங்க."

பக்கத்தில் அக்கா தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். கை கதவின் பிடிவரைக்கும் போனது. பிறகு தானாக இறங்கியது.

"எங்க வீட்ல... எங்க மாமா திக்கறதக் கேலி பண்ணி நான் ஒரு பேர் வெச்சேன். எல்லாரையும் சொல்ல வெச்சேன். அதுதான் காரணம்."

"பதிஞ்சுக்கிட்டேனுங்க," என்றது வாசல்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள். கருகியது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேறு ஊற்றினாள். எல்லோருக்கும் தட்டு வைத்தாள், அவனுக்கும் வைத்தாள். இரண்டு தோசை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்திருந்து, 'இன்னொண்ணு போடட்டுமா' என்று அவள் கேட்காத சாப்பாடு அவன் வாழ்க்கையில் அதுவரை இருந்ததில்லை. இன்று கேட்கவில்லை. பாதியில் கையை நிறுத்திவிட்டு அவன் தட்டைக் கழுவப் போனான். தாரணி அவன் கையிலிருந்து தட்டை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மாமா ஆற்றிலிருந்து வந்தார். படியின் முன் ஒரு கணம் தயங்கினார். பிறகு கால் வைத்தார்.

"வாங்கப்பா. காபி ரெடியா இருக்குதுங்க," என்றது வாசல். அதே குரல்தான். ஆனால் இப்போது அது கோபியில் உள்ள வீட்டின் வாயால் பேசியது.

மாமா உள்ளே போனார். டம்ளர் சத்தம் கேட்டது. மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

கிளம்ப வேண்டியதுதான். நாற்காலிகளை மடக்கி வண்டியின் வயிற்றில் அடுக்கிவிட்டு, குழாயைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நிரஞ்சன் கதவுக்கு வந்தான். படியில் கால் வைத்தான்.

"வா, பெ... பெ... பெரியவனே," என்றது வாசல். "சாப்டியா கண்ணு?"

அவனுக்குச் சுருக்கென்றது. கேலி செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். அவன் செய்ததை அவனுக்கே திருப்பிக் காட்டுகிறது. யார் சொல்லிக் கொடுத்தது, அதற்குள்? மாமா அவ்வளவு சின்ன ஆளா?

உள்ளே பார்த்தான். மாமா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி அவர் காது மடல் சிவந்திருந்தது.

வாசல் கேலி செய்யாது. அதற்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஒரு பெயரை எப்படிச் சொல்கிறார்களோ, அப்படியேதான் சொல்லும்.

உதடு ஒட்டற எழுத்து.

ஒரே பிள்ளை இருக்கும் வீட்டில், அந்தப் பிள்ளைக்குச் சின்னவன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குழாய்ச் சுருள் அவன் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. யார் சொன்னது என்று அவன் கேட்கலாம். பெயர் சொல்லப்பட்டவன் அவன்தான். கேட்டால் வாசல் ஆளைச் சொல்லும், எத்தனை வருடமாகச் சொல்கிறார் என்பதையும் சொல்லும். அவன் கேட்கவில்லை. ஒரு கால் படியிலும் ஒரு கால் மணலிலுமாக நின்றான். மேலே ஏறுவதற்குத் தனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பதில் வராவிட்டால் வாசல் இன்னொரு தடவை கேட்கும்.

"சாப்டியா," என்றது அது, பொறுமையாக, "பெ... பெ... பெரியவனே?"